எட்டா, மூன்றா

கட்டபெட்டு தேயிலைத் தொழிற்சாலை.
எடை மேடைக்குப் பின்னால் ஓர் அறை,
அதில் ஒரு நானூற்று எண்பத்தாறு,
எட்டு வாய்க் கார்டு, நாலு டெர்மினல்.
ரோலர் ஓடத் தொடங்கும்போதெல்லாம்
திரை ஒரு கணம் சுருங்கி மீளும்.

கோவையிலிருந்து வரதராஜுலு வந்தார்.
மலையேறியதில் காது அடைத்து
எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார்:
யூனிக்ஸ், ஐந்து பேர் வரை ஒரு விலை,
ஆறாவது ஆள் உட்கார்ந்தால் வேறு விலை.
கம்பைலர் தனி. நெட்வொர்க் தனி.
கையேடு பன்னிரண்டு, அட்டைப்பெட்டியோடு.

இன்னொன்று என் பையில் இருந்தது.
பெங்களூரில் படிக்கும் நஞ்சன் மகன்
பிரதியெடுத்துத் தந்த லினக்ஸ்,
நாற்பத்திரண்டு பிளாப்பி, ரப்பர் பேண்டு போட்டு.
"சும்மாவா?" என்றார் செயலாளர் ஆல்தொரை.
சும்மாதான்.
"சும்மா வருவது சும்மா இருக்குமா?"

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
நான் பார்த்தேன்.
பதினேழாம் பல் ஆடியது.
எட்டு வாய்க் கார்டை அதற்கு
யாரென்றே தெரியவில்லை.

ஆகவே விலைக்கு வாங்கினோம்.
ஆயிரத்து முந்நூறு பேரின் இலைக் கணக்கு
மூன்று வருஷம் ஓடியது. குறை சொல்ல முடியாது.

நாலாவது ஐப்பசியில்
மேட்டுப்பாளையம் சாலை சரிந்து
போன் செத்துக் கிடந்த வாரம்
ஹார்டு டிஸ்க் இரண்டு தடவை இருமி நின்றது.
புது டிஸ்க் இருந்தது. டேப் இருந்தது.
உரிம அட்டையை எடுத்தேன்:
பீரோவுக்குள் புகுந்த மூடுபனி
பூசணமாகி ஓர் எண்ணைத் தின்றிருந்தது.
எட்டா, மூன்றா.
எட்டைப் போட்டேன், இல்லை என்றது.
மூன்றைப் போட்டேன், இல்லை என்றது.
பூஜ்யம் முதல் ஒன்பது வரை இல்லை.
காசு கொடுத்து வாங்கிய வீட்டின் வாசலில்
திருடனைப்போல் நின்றேன்.

மறுநாள் பட்டுவாடா.
போன வாரம் ஈரமென்று கழித்த கிலோவுக்குக்
கணக்குக் காட்டு என்று
ஜன்னலில் மாதி, கையில் சீட்டோடு.

பதினேழாவதைச் செருகினேன், ஊதினேன்,
சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினேன்.
நான்காம் தடவை படித்தது.
விடிய மூன்று மணிக்கு
எந்த எண்ணும் கேட்காமல் எழுந்தது.
டேப்பிலிருந்து தரவு வந்தது,
பில் போடும் புரோகிராம் ஓடாது என்றுவிட்டது.
கூட்டல் கழித்தல் நானே எழுதினேன்.
கார்டு ஊமை; ஒரே கீபோர்டு,
மழையில் எடை மேடை தாண்டி வரிசை.
மாதிக்கு மூன்று கிலோ திரும்பியது.

சாலை திறந்த அன்று
வரதராஜுலு உறையோடு வந்தார்.
எட்டுமில்லை, மூன்றுமில்லை,
எண்ணே இல்லை: பி என்ற எழுத்து.
எவ்வளவு என்றேன்.
"சும்மாதான் சார்."

ஆல்தொரை என்னைப் பார்த்தார். எதை வைப்பது?
கார்டு பேசும்வரை அது,
பேசிவிட்டால் இது, என்றேன்.
பேசவைக்க
பதினோரு மாதம் பிடித்தது.