சுடர் அசையும் எழுத்து

ப சொன்னால் சுடர் வளையும்.
ம சொன்னால் வளையாது.
காது கேளாத பிள்ளைக்கு
எழுத்தைக் கண்ணில் காட்ட
அன்று எங்களுக்குத் தெரிந்த வழி:
உதட்டுக்கு ஒரு சாண் தள்ளி
ஒரு மெழுகுவர்த்தி.

உருகுவேயில் சால்ட்டோ, ஆற்றோரப் பள்ளி,
எழுபத்தொன்பதின் குளிர்காலம்.
வில்மார், உனக்கு ஏழு வயது.
எனக்கு இருபத்து மூன்று, சட்டத்தை நம்பும் வயது.

கையால் பேசக்கூடாது என்பது சட்டம்.
கைமேல் உட்காருங்கள் என்பார் தலைமையாசிரியை.
நீ உட்காரவில்லை.
உன் இரண்டு மணிக்கட்டையும்
என் ஒரு கைக்குள் அடக்கி
மேசையோடு அழுத்தினேன்.
அடங்கின. அவ்வளவு மெல்லிசு.
சொல்லு, பப்பா. சொல்லு.
ஐந்து வாரம் சுடர் அசையவில்லை.
ஆறாவது திங்கட்கிழமை
ஒரே ஊதாக ஊதி அணைத்தாய்.
வகுப்பே வெடித்துச் சிரித்தது,
தன் சிரிப்பின் சத்தம் தெரியாமல்.

அன்றைக்குத்தான் எனக்குப் பெயர் வைத்திருக்கிறாய்:
ஆள்காட்டி விரலை நிமிர்த்தி
நுனியில் ஓர் ஊதல்.
மூன்று வருடம் கழித்தே தெரிந்தது,
என் முதுகுக்குப் பின்னால்
பள்ளி முழுக்க நான் ஓர் அணைந்த திரி.

பிறகு சட்டம் மாறியது.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும்.
கைமொழி படிக்க உன் எதிரில் உட்கார்ந்தேன்.
பதினாறு வயது வாத்தியாருக்குப் பொறுமையே கிடையாது.
ஆரஞ்சு என்று நினைத்து நான் எதையோ காட்ட
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய்.
என்ன சொன்னேன் என்று கடைசிவரை சொல்லவில்லை.
விரலைத் திருகித் திருத்துவாய்.
மணிக்கட்டைத் தொட்டதில்லை.

பழக்கொட்டகையில் முதல் சம்பளம் வாங்கியதும்
ஒரு சாக்கு ஆரஞ்சு சுமந்துவந்தாய்.
எல்லாம் அடிபட்டவை, கப்பலுக்கு ஆகாதவை.
இதுதான் இனிக்கும் என்றன கைகள்.
இனித்தது.

மார்ச்சில் உன் மனைவி அனுப்பிய செய்தி நான்கு சொல்:
இதயம். தூக்கத்தில். நாளை. வாருங்கள்.

பெட்டி வைத்த கூடத்தில் எத்தனை பேர்!
கைகள் ஓயவில்லை.
அழுகை மட்டும் கரடுமுரடாய், அளவு தெரியாமல்.
ஒவ்வொருவராய் என் முன் வந்து
விரல் நிமிர்த்தி ஊதினார்கள்.
நரைத்த மீசைக்காரன் ஒருவன்,
மாத்தே குடுவையைக் கக்கத்தில் இடுக்கிய கிழவர்,
நான் பார்த்தேயிராத ஒரு சின்னப் பெண்.
என் இன்னொரு பெயர்
அங்கே யாருக்கும் தெரியாது.

தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்திகள்.
கிட்டே போய், உதடு குவித்து,
ப என்றேன்.
ஒன்று வளைந்தது.

நேற்றிரவு மின்சாரம் போனது.
வந்ததும் மேசைமேல் இருந்ததை அணைக்கக் குனிந்தேன்.
உதடுவரை வந்த காற்றை விழுங்கி
விரலால் நசுக்கினேன்.
சுட்டது.