மீதி இருபது

மொன்தெர்ரேய். ஜூலை. இரவு ஒன்றரை.
மருத்துவமனையின் இரண்டாம் அடித்தளத்தில்
சில்லரை நிறுத்தி மூன்று மணி நேரம்.
தெருவில் நிற்கும் வாடகை இயந்திரம்
குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு மட்டும்
மூச்சிரைக்கக் குளிர் அனுப்புகிறது.
ஆறு மணிவரை அதற்கு வாடகை.
அதுவரைதான் எங்களுக்கும்.

எலோதியா ஆக்சிஜன் மானியை
முழங்காலுக்குக் கீழே தூணில் கட்டினாள்.
தப்பினால் இது புகைபோல் மேலே போகாது.
நிறமில்லாத வெள்ளம்,
கணுக்காலில் தொடங்கும்.
எங்கள் நிகானோர் சிகரெட்டையும் லைட்டரையும்
கேட்காமலே எடுத்து
மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தான்.
இந்த வாயு நெருப்பைத் தொட்டால்
என்னவாக மாறும் என்று
அவன் ஒருமுறை முகர்ந்திருக்கிறான்.

திரவம் முதலில்.
அது அவசரக்கார விருந்தாளி,
ஹோஸ் அதிர அதிரக் கிளம்பிப் போய்விடும்.
ஆவிதான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு
இன்னும் ஒரு மணி நேரம் பேசும்.

தராசின் சிவப்பு எண்களை
அட்டைப்பெட்டியின் மூடியில் எழுதுவது என் வேலை.
நூற்றுக்கு எண்பது பங்கு.
எண்பதில் என் கை உயர வேண்டும்,
நிகானோரின் கை வால்வில் இறங்க வேண்டும்.
நிறைகுடம் தளும்பாதாம்.
நிறைந்த சிலிண்டரும் தளும்பாது,
பிளந்துகொள்ளும்.

இரண்டாவது சிலிண்டர் முடிந்தது.
மூன்றாவது பாதி.
முள் முப்பத்தொன்றில் நின்றது.
இருபத்தெட்டுக்குக் கீழே போனால்
உள்ளே பூஜ்யம் டிகிரி,
அதனால்தான் குழாய்களுக்குள்
தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும்.

அப்போது ஏதோ ஒன்று இல்லாமல் போனது.

எனக்குத் தெரியவில்லை.
மீட்பு இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது,
மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.
எலோதியா குழாயின் மேல்
உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
பிறகு ஓடினாள்.
ஓடியபடியே சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.

முப்பது.
இருபத்தொன்பது.
அங்கேயே நின்றது.

வாக்கிடாக்கியில் மேல்தளத்து பால்தொமேரோ:
"சில்லர்தான் ஓடவில்லையே,
தண்ணீர் எதற்கு வீணாக என்று
பம்பை நிறுத்தினேன்."
நியாயமான மனிதர்.
வீட்டில் ஆளில்லாத அறையின் விளக்கை
அணைக்கிறவர்.
அவருடைய நியாயத்தால்
அறுநூறு செம்புக்குழாய்கள் உறைந்து வெடித்திருக்கும்.
எலோதியா கத்துவாள் என்று காத்திருந்தேன்.
"போடுங்கள், தொன் பால்தொமேரோ" என்றாள்,
"போட்டுவிட்டுச் சுவிட்சின் பக்கத்தில் உட்காருங்கள்.
உங்கள் கையை நம்பித்தான் இருக்கிறோம்."
அவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை என்று
பிறகு கேள்விப்பட்டேன்.

நாற்பது நிமிடம் போய்விட்டது.
நாலரைக்கு மூன்றாவது சிலிண்டர் எண்பதைத் தொட்டது.
இயந்திரத்துக்குள் மிச்சம் பதினொரு கிலோ.

பதினொன்று.
"இதிலேயே போட்டுவிடலாம்" என்றேன் நான்தான்.
காலி சிலிண்டர் லாரியில் இருந்தது,
லாரி சரிவின் உச்சியில் இருந்தது,
என் முதுகு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.
"இடம் இருக்கிறதே, இன்னும் இருபது பங்கு."

"அது காலி இல்லை" என்றாள்.
"அது நாளைய வெயிலுக்கு."

திட்டிக்கொண்டே நான்காவதை உருட்டி வந்தேன்.
புத்தம்புது மஞ்சள் தோள்.
பதினொரு கிலோவுக்காக அத்தனை பெரிய பாத்திரம்.
கடைசியில் ஹோஸில் தங்கிய திரவத்தைக்கூட
இரண்டு வால்வுக்கு நடுவே சிறைவைக்காமல்
இழுத்து முடித்துத்தான் மூடினாள்.
ஆக்சிஜன் மானி
இரவு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் பன்னிரண்டு.
சாந்தா காத்தரினா ஆற்றோரச் சாலையில்
லாரிகள் அசையவில்லை.
குதிரைச் சேணம் போன்ற மலை
வெள்ளையாய் எரிந்தது.
வங்கி வாசல் பலகையில் நாற்பத்துமூன்று.
நிகானோர் கைமறந்து சட்டைப்பையைத் தடவினான்,
லைட்டர் இன்னும் மாடிப்படியில்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.
சங்கிலி போட்ட நான்கு சிலிண்டர்கள்.
உள்ளே திரவம் உப்பி உப்பி
தனக்கென்று விட்டிருந்த இடத்தில்
மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

சொல்லலாம் என்று திரும்பினேன்.
எலோதியா கையுறையைக் கழற்றாமல்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.