மூச்சு விடவில்லை

சனிக்கிழமைகளில் பல் வைத்தியரிடம் போவதாக
மீரோனிடம் சொல்லியிருக்கிறேன்.
தாடை வலியோடு திரும்புவதால்
பொய்க்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.
ரப்பர்க் கவ்வியை நாற்பது நிமிடம் கடித்துக்கொண்டிருந்தால்
யாருக்கும் வலிக்கும்.

ஓபோலேக்குத் தெற்கே
சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழி.
பம்புகளை நிறுத்தியதும்
ஊற்று தன்பாட்டுக்கு நிரப்பிவிட்டது.
நின்றபடியே முழுகிய பிர்ச் மரங்கள்
அடியில் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றனவாம்.
சொன்னது கிங்கா. இருபத்து நான்கு வயது.
என் உடுப்பின் ஜிப்பை முதுகில் ஏற்றிவிட்டு
மாவு மூட்டையைத் தட்டுவதுபோல்
இரண்டு தட்டுத் தட்டினாள்.

முதல் வாரம் வெறும் குழாய்தான்.
குப்புற மிதக்க வேண்டும்,
குழாய்க்குள் நீர் புகுந்தால் திமிங்கிலம்போல் ஊத வேண்டும்.
நான் ஊதவில்லை, விழுங்கினேன்.
"குழாயில் எனக்குத் தெரியாததா" என்ற
பிளம்பர் ரடோஸ்வாஃப்
என்னைவிட அதிகம் விழுங்கினார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இரண்டாம் வாரப் பாடமே அதுதான்:
மேடை விளிம்பில் நின்று
ஒரு காலை நீட்டி ஆழத்தில் விடுவது.
விட்டேன்.
கழுத்து வழியே புகுந்த குளிர்
முதுகெலும்பைக் கணுக்கணுவாக எண்ணிக்கொண்டு இறங்கியது.

மூன்று மீட்டரில், எல்லாம் நன்று என்று
கட்டைவிரலை உயர்த்தினேன்.
கிங்கா உடனே என்னை மேலே கொண்டுபோனாள்.
நீருக்கடியில் கட்டைவிரல் என்றால் மேலே போவோம்.
நலம் என்பதற்கு விரல்களால் ஒரு வட்டம்.
தெரிந்தும், மூன்று முறை நலம் சொல்லி
மூன்று முறை வெயிலுக்கு வந்தேன்.

அங்கே பெரிய சட்டம் ஒன்றுதான்:
மூச்சை அடக்காதே.
பயந்தாலும் விடு, மீன் வந்தாலும் விடு.
அடக்கிய மூச்சு
ஏறும்போது விரிந்து நெஞ்சைக் கிழிக்கும்.

எனக்கோ அடக்கித்தான் பழக்கம்.
இருபத்தாறு வருடம் தபால் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால்
ஒவ்வொரு முத்திரைக் குத்துக்கும்
மூச்சைப் பிடித்திருக்கிறேன்.
இதைக்கூட
ஆறு மீட்டர் ஆழத்தில்தான் கண்டுபிடித்தேன்.

நேற்று முகக்கண்ணாடியைக் கழற்றி மாட்டும் பாடம்.
கழற்றினேன்.
எட்டு டிகிரி, நேராகக் கண்ணுக்குள்.
பச்சை. அதற்குள் ஒரு கறுப்பு,
கிங்காவாக இருக்க வேண்டும்.
அருகிலேயே, செங்குத்தாக, வெள்ளை வெள்ளையாக ஏதோ.
பிர்ச்!
மாட்டிக்கொண்டு பார்த்தால்
என் மூச்சு. மேலே போய்க்கொண்டிருந்தது.

மூக்கால் ஊதியதில் பாதி நீர் வெளியேறியது.
மீதிப் பாதியோடு வட்டம் காட்டினேன்.
வரி போட்ட பெர்ச் மீன் ஒன்று
சில்லறை குறைந்த வாடிக்கையாளரைப்போல
முகத்துக்கு நேரே நின்று பார்த்துவிட்டுப் போனது.

இரவு, பார்லி சூப்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மீரோன் கேட்டான்:
"கண்ணைச் சுற்றியுமா பல் பிடுங்குகிறார் உன் வைத்தியர்?"

எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன்.
நெற்றியிலிருந்து மூக்கடிவரை
சிவப்பாக ஒரு சட்டம்.
தபால் முத்திரைகூட இவ்வளவு தெளிவாக விழாது.

ஐந்து வாரமாக யாரிடமும் மூச்சு விடாததற்குக்
காரணம் பெரிதல்ல.
தோற்பதென்றால்
ஆள் பார்க்காத இடத்தில் தோற்க ஆசைப்பட்டேன்,
அவ்வளவுதான்.
வேறொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.
தாடை வலித்தது.

பிர்ச் மரங்களிலிருந்து ஆரம்பித்தேன்.
சூப் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.
எவ்வளவு ஆழம், எவ்வளவு செலவு, ஏன் இந்த வயதில்,
எதையும் கேட்கவில்லை.

"அந்த மரங்களில் இலை இருக்கிறதா?" என்றான்.

தெரியாது.
அது பன்னிரண்டு மீட்டரில்.
சனிக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.