தொள்ளாயிரத்து நாற்பது கிராம்

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடை எனக்கு வேலை.
லாரி ஏறும்: பதினெட்டு டன்.
குலைகளைக் கொட்டிவிட்டு வரும்: ஏழு.
கண்ணாடி ஓட்டை வழியே
பதினொன்று என்று சீட்டு நீட்டுவேன்.
பத்து வருடமாக இதுதான்,
நிறைந்ததிலிருந்து காலியைக் கழிப்பது.

என்னையும் ஒருமுறை கழித்தார்கள்.
முதுகு தாங்கவில்லை.
போன மாசியில் ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்தேன்.
இடது ஐந்நூற்றுப் பத்து, வலது நானூற்று முப்பது.
டாக்டர் தனித்தனியாகத்தான் எழுதியிருந்தார்,
கூட்டியது நான்.
இவ்வளவுதானா என்று கேட்டும் விட்டேன்.
என் மேடையில்
பத்துக் கிலோவுக்குக் கீழே எல்லாம் பூஜ்யம்.

அறுப்பதற்கு முந்தின நாள்
கழுத்தில் நீல அட்டை தொங்க ஒருத்தி வந்தாள்.
யோகமலர், சித்தியவான்காரி.
மலாயில் அச்சடித்த தாளைத் தமிழில் வாசித்தாள்:
எடுப்பதை எரிக்காமல் ஆராய்ச்சிக்குத் தருவீர்களா அக்கா?
கஞ்சிக் கோப்பையை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்,
லாரி ரோஸ்லான் போடுவது போல,
படிக்காமல்.

பிறகு எப்போதாவது போன் செய்வாள்.
உங்களுடையதா என்று சொல்லக்கூடாது அக்கா,
கிண்ணத்தில் நம்பர் மட்டும்தான் இருக்கும்.
ஆனால் அந்த வாரம் வந்தது ஒன்றே ஒன்று.

கூழில் தூவினார்களாம், எள்ளைவிடச் சிறிதாக.
பத்தாம் நாள் விரல் விரலாகக் கிளைத்ததாம்.
உள்வரிசைச் செல் பால் சுரக்கும்.
வெளிவரிசைச் செல் அதைப் பிழிந்து தள்ளும்.
எதுவாகவும் ஆகக்கூடியவை சில
இன்னும் எதுவும் ஆகாமல் நிற்கும்.

அதன் தலையெழுத்தை யார் எழுதுவது, என்றேன்.
பக்கத்து வீடு, என்றாள்.

ஹார்மோன் சொல்வதைக் கேட்கிற செல்
தான் பெருகுவது அபூர்வம்.
கேட்டதைச் சின்னப் புரதமாக்கி வெளியே விடும்.
அடுத்த செல்லின் தோலில் அதற்கென்றே ஒரு பிடி.
பிடி அசைந்தால்
உள்ளே ஒன்றை ஒன்று தட்டி எழுப்பி
நடுவறை வரை சேதி போகும்.
வளர்ச்சிக் காரணி என்று பெயராம்.
நிறைய ஊற்றினால் பெருகிக்கொண்டே போகின்றன,
எதற்குப் பிறந்தோம் என்ற நினைப்பில்லாமல்.
குறைத்தால் நின்று, திரும்பி,
ஏதோ ஒன்றாக ஆகப் பார்க்கின்றன.

எவ்வளவு ஊற்றுவாய்?
மில்லிக்கு ஐந்து நானோகிராம்.
நான் சிரித்ததில் தையல் போட்ட இடம் இழுத்தது.

இது எனக்குப் புதிதில்லை.
செம்பனையில் ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு மொட்டு,
ஆண்பூவா குலையா என்று முடிவாகாமல் கிடக்கும்.
மழை ஏமாற்றினால் ஆண்பூ.
மரத்துக்கு அன்றே தெரிந்துவிடுகிறது.
எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆகும்,
லாரிகள் லேசாக வரும்போது.

எனக்குப் பிள்ளை இல்லை.
கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சொல்லில்
பதில் வைத்திருந்தேன்.
இப்போது அந்தச் சொல் வாயில் வந்தால்
யோகமலரின் கிண்ணத்தில் போய் நின்றுகொள்கிறது.
செல்லுக்குத் தலை ஏது?

நேற்று மதியம் மறுபடி கூப்பிட்டாள், மூச்சு வாங்க.
காரணியைக் குறைத்த கிண்ணத்தில்
ஒரு கொத்து பால் புரதம் காட்டுகிறது அக்கா,
சாயம் ஏற்றிப் பார்த்தால் பச்சையாக ஒளிர்கிறது.

தோளில் உள்பாடிப் பட்டை பதித்த பள்ளத்தை
விரல் தானாகத் தேடிப் போனது.
அது மட்டும் இன்னும் தூரவில்லை.

யாருக்காம், என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.
பிறகு மெல்லச் சொன்னாள்:
வெள்ளிக்கிழமை கிண்ணத்தைக் கழுவிவிடுவோம் அக்கா.
எண்ணிக்கை எல்லாம் எடுத்தாகிவிட்டது.

வெளியே ரோஸ்லான் ஹாரனை விடாமல் அடித்தான்.
பின்னால் ஏழு லாரி.
மேடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
பச்சை விளக்கைப் போட்டேன்.