பத்தில் இரண்டு போனால்

பகாவ் கடைத்தெருவில், அடகுக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் மிருக கிளினிக்.
சவரிமுத்து வந்தபோது மழை விட்டிருக்கவில்லை.
உரச்சாக்குக்குள் பூனை. பெயர் கோப்பி.
நேற்றிரவிலிருந்து சுவரில் முட்டிக்கொள்கிறதாம்.

வாலின் அடியில் சுண்டுவிரல் அகலப் பட்டை கட்டி
காற்றை ஏற்றி, இறக்கி,
மூன்று முறை பார்த்தேன். இருநூற்றுப் பத்து.
விளக்கைக் காட்டியும் பாவை சுருங்கவில்லை.
உள்ளே விழித்திரை
ஈரச் சுவரின் சுண்ணாம்புபோல் உரிந்து தொங்கியது.

“பூனைக்குமா பிரஷர்?” என்றார்.
“வட்டிக்காரனிடம் கைநீட்டாத ஜீவனுக்குமா?”

எப்படிச் சொல்ல? அவர் கையைப் பார்த்தேன்.
செம்பனை முள் தைத்த கறுப்புப் புள்ளிகள்.
அண்ணே, குலை வெட்டுறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?
“மட்டையைத் தள்ளணும். அப்புறம்தான் குலை.”
அதேதான்.

ரத்தம் குறைகிறதென்று சிறுநீரகம் நினைத்தால்
ரெனின் என்றொரு அரிவாளை அனுப்பும்.
ஈரல் விட்ட நீளச் சங்கிலியில் ஒரே வெட்டு:
பத்துக் கண்ணி உதிரும்.
பத்துக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.
மிதந்துபோய் நுரையீரலில் நுழையும்.
குழாய்ச் சுவரில் ஒட்டிக் காத்திருக்கும் இன்னொரு நொதி
வாலில் இரண்டைக் கழிக்கும்.
எட்டு.
அந்த எட்டுதான் குழாய்களை நெரிக்கும்,
உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்.
வெட்டியவை தேய்வதில்லை, 
அடுத்த மரம், அதற்கடுத்த மரம்.

லோரி தட்டி ரத்தம் ஒழுகும் நாயை
சாலையோரம் வரை நடக்கவைப்பதும் இந்த வெட்டுதான்.
கோப்பியின் சிறுநீரகம் பாதி சுருங்கிவிட்டது.
இல்லாத பஞ்சத்துக்கு ஆளனுப்பிக்கொண்டே இருக்கிறது.

“எங்க மண்டோர் மாதிரி,” என்றார்,
“காயே இல்லாத நிரையிலும் ஆள் இறக்குவான்.”

சீட்டெழுதினேன்: குழாயைத் தளர்த்த ஒன்று,
இரண்டாம் அரிவாளின் கையைக் கட்ட ஒன்று.
பின்னதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவர்
சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார்,
அரசாங்க கிளினிக்கில் கொடுத்தது.
ஒரு மாத்திரைகூடக் கிழிக்கவில்லை.
“ஒரே வறட்டு இருமல். மூணு மாசமா தொடல.”

அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அண்ணே.
தொண்டையை அரிக்கும் சரக்கொன்றை
அதுதான் நறுக்கி அள்ளிக்கொட்டும்.
கையைக் கட்டினால் குப்பை சேரும்.
டாக்டரிடம் சொல்லுங்க, வேற மருந்து இருக்கு.
சும்மா நிறுத்தாதீங்க.

அவர் பேசவில்லை. மழை தகரத்தில் பேசியது.
எங்களிடம் மனிதப் பட்டை கிடையாது.
ஆட்டுக்குக் கட்டுவதை அவர் புஜத்தில் சுற்றினேன்.
முழுசாக நம்ப முடியாது, ஆனாலும்
நூற்றெண்பது.
சாக்குக்குள்ளிருந்து கோப்பி கத்தியது.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள்.
பூனைக்கு நூற்று ஐம்பது. பார்வை திரும்பவில்லை.
“வீட்டுல எதையும் இடம் மாத்தல,” என்றார்,
“தண்ணிச் சட்டியைக்கூட.”
பிறகு, நான் கேட்காமலே
சட்டைக் கையைச் சுருட்டி
மேசைமேல் நீட்டினார்.