முப்பத்து நாலு ஹெர்ட்ஸ்

காற்றுக்குக் காசு கிடையாது என்பவரை
மேல்விஷாரத்துக்கு வரச் சொல்லுங்கள்.
எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில்
காற்றுக்கு மட்டும் மாதம் ஐந்து லட்சம்.
மின்வாரியம் கடன் வைக்காது.

மூன்று ஊதிகள். ப்ளோயர் என்றுதான் சொல்கிறோம்.
இரண்டு ஓடும், ஒன்று காத்திருக்கும்.
தோல் ஊறிய தண்ணீர்
தொட்டி நிறைய வந்தாலும்
தொட்டி அடியில் தேங்கினாலும்
அதே மூச்சு, அதே இரைச்சல்.
"குறைக்காதே, செத்துவிடும்" என்று
எனக்கு முன்பிருந்த தேவசகாயம்
பேனலில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார்.
நுண்ணுயிர்களைச் சொன்னார்.
வேலையைச் சொன்னதாகவும் படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை.
தோல் ஷாப்புகள் மதியமே பூட்டு.
இரவு ஒன்றே முக்காலுக்கு
வாய்க்காலில் விரல் மொத்தத்துக்கு வரவு.
ஆக்ஸிஜன் மீட்டரை இறக்கினேன்:
ஆறு புள்ளி எட்டு.
இரண்டு இருந்தால் போதும் இவற்றுக்கு.
வயிறு நிறைந்தவன் இலையில்
சோற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம்,
அதுவும் மோட்டார் வைத்து.

ஒரு சொட்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.
காம்பில் நிற்கும் மணிகள்
வாயைத் திறந்தன, சுருங்கின, திறந்தன.
சக்கரப்புழு ஒன்று
சம்பளம் வாங்கிய அன்றுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.
என் பயம் அவற்றில் ஒன்றுக்கும் இல்லை.

குமிழைத் திருகினேன்.
ஐம்பது. நாற்பத்தாறு. நாற்பது.
முப்பத்து நாலில் கையை எடுத்தேன்.

அப்போது கேட்டது.
நாலு வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்தும்
கேட்டிராத சத்தம்,
தொட்டியில் குமிழ்கள் உடைவது,
உலை கொதிக்கப் போகும்போது வருமே, அது.
அப்புறம் தூரத்தில்
பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி கியர் மாற்றியது.

இரைச்சலில் தூங்கிய வாட்ச்மேன் அன்வர்தீன்
அமைதியில் பதறி எழுந்து வந்தார்.
"கரண்ட் போயிடுச்சாம்மா?"
"இல்ல பாய். மிச்சமாகுது."
டார்ச்சை அடித்து நுரையைப் பார்த்தார்,
மூக்கை இழுத்தார்.
"நாத்தம் வந்தா?"
"ஏத்திடுவேன்."
அவர் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

மூன்று மணிக்கு இரண்டு புள்ளி ஏழு.
நாலுக்கு ஒன்று புள்ளி ஆறு, உள்ளங்கை வேர்த்தது.
இரண்டு ஹெர்ட்ஸ் ஏற்றினேன்.
இரண்டுக்கு வந்து நின்றது.

ஆறு மணிக்கு நீளக் குடுவையில்
கசடு அடங்கி உட்கார்ந்திருந்தது.
மேலே இருந்த தண்ணீர் வழியாக
அன்வர்தீனின் சட்டைப் பொத்தானை எண்ண முடிந்தது.

பதிவேட்டில் கோளாறு என்று ஒரு கட்டம் உண்டு.
மிச்சம் என்று ஒரு கட்டம் இல்லை.
கோளாறுக் கட்டத்திலேயே எழுதினேன்:
நூற்று முப்பது யூனிட்.
கையெழுத்து, ப. செங்கமலம்.

ஒன்பதுக்கு மேனேஜர் வந்து
கோளாறு என்ன என்று கேட்பார்.