நான்காம் நிரல்

முதலீட்டாளர் கையேட்டில்
எங்கள் நகரத்துக்குப் பன்னிரண்டு பக்கம்.
அட்டையில் ஓர் அருவி.
அருவி எங்கள் எல்லைக்குள் இல்லை,
அடுத்த சபைக்குரியது.
"சத்தம் கேட்கும்தானே" என்றார் தவிசாளர் புண்ணியசீலன்.
கேட்கும்தான், மழைக்காலத்தில்.

நீர்: உண்டு.
மின்சாரம்: உண்டு, காற்றடிக்காத நாட்களில்
என்று நான் எழுதியதில்
பின்பாதியை அவர் வெட்டினார்.
புகையிரதம்: உண்டு.
மண்சரிவைப் பற்றி நானே எழுதவில்லை.
காணி: ஆறு ஏக்கர், கைவிட்ட தேயிலை,
ஒரு காலத்தில் ஏழாம் நம்பர் மலை.

நான்காம் நிரலில்தான் பேனை நின்றது.
தொழிலாளர்: எத்தனை பேர்? என்ன தன்மை?

போன வருடக் கையேட்டில் இருந்தது:
மலிவானவர்கள், பணிவானவர்கள்,
நீண்ட நேரம் நின்று பழகியவர்கள்.
கப்பலுக்கு ஆள் பிடித்த காலத்துக் கடிதத்தை
யாரோ கணினியில் திரும்ப அடித்தது போல.
அழித்தேன்.
அழித்த இடம் மூன்று நாள் வெறுமையாய்க் கிடந்தது.

எண்ணிக்கை கட்டாயம் என்றார்கள்.
கச்சேரிக் கணக்கு வாக்காளர் இடாப்பைப் பார்த்து எழுதியது;
இடாப்பில் இருப்பவர்கள் ஊரில் இல்லை.
ஆகவே தீபாவளிக்கு முதல்நாள் இரவு
பஸ் நிலையத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு
குடையும் கொப்பியுமாக உட்கார்ந்தேன்.

ஐந்தைந்தாகக் கோடு கிழித்தேன்.
பதினொன்றரை பஸ்ஸில் அறுபத்தெட்டு.
வெள்ளவத்தைப் புடவைக்கடை, மட்டக்குளிப் பேக்கரி,
ஓடும் ஊசிக்கடியில் விரல் வைத்து எடுக்கத் தெரிந்த
பியகமப் பெண்கள்,
போர்வையில் சுற்றிய தொலைக்காட்சியை
பிள்ளையைப் போல் அணைத்து இறங்கிய ஒருவன்.
அவன் தூங்கிக்கொண்டே நடந்தான்.

சின்னம்மா மகள் சுபத்திராதேவி இறங்கினாள்.
"இங்க என்னடி செய்ற, மழையில?"
"ஒன்னத்தான் எண்றேன்."
"எதுக்கு?"
"இங்கயே ஒரு பெக்டரி வந்தா, வருவியா?"
பையை மறு தோளுக்கு மாற்றினாள்.
"சம்பளம் எவ்வளவு?
கக்கூசுக்குப் போக டோக்கன் வாங்கணுமா?"
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.
படிவத்தில் அவற்றுக்கு நிரல் இல்லை.

விடியும்போது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு.
கடைசிப் பக்கத்தின் கோடுகளில்
மழை கொஞ்சம் சேர்த்திருந்தது, கொஞ்சம் கழித்திருந்தது.

கையுறைக் கம்பனிக்காரர்கள் தை மாதம் வந்தார்கள்.
அன்றைக்குப் பார்த்து
மூடுபனி ஆறு ஏக்கரையும் எடுத்துக்கொண்டது.
தவிசாளர் வெள்ளையை நோக்கிக் கை நீட்டி
"அங்கே வாசல், அங்கே லொறி திரும்பும் இடம்" என்றார்.
சாரதி நசார் என் காதருகே சொன்னார்:
"அங்க கிடங்கு, மிஸ்."

மூவரில் இளையவர், ஹெட்டிகொட,
நான்காம் நிரலில் விரல் வைத்தார்.
"இவர்கள் எங்கே?"
"கொழும்பில், சேர்."
"அப்படியானால் நாங்கள் இங்கே வருவானேன்?"
தவிசாளர் இருமினார்.
"வருடத்துக்கு இரண்டு தரம்
ஐந்து மணித்தியாலம் நின்றுகொண்டே வருகிறார்கள்.
நீங்கள் ஒரு தரம் வந்தால் போதும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஏதோ குறித்துக்கொண்டார்.
எழுத்தைத் தலைகீழாக வாசிக்க எனக்கு வரவில்லை.

பங்குனி போய்விட்டது. கடிதம் இல்லை.
ஆறு ஏக்கரைச் சுற்றிக் கம்பி அடித்தாயிற்று,
உள்ளே யாருடையதோ இரண்டு மாடு.
நான் படிவத்தில் ஐந்தாம் நிரல் ஒன்று கீறியிருக்கிறேன்:
வருகிறவர்களிடம் நாங்கள் கேட்பவை.
முதல் வரி, கக்கூஸ்.
தவிசாளர் அதை 'சுகாதார வசதி' என்று திருத்தினார்.
நான் பழையபடி மாற்றினேன்.
அவர் மறுபடி திருத்துகிறார்.

சம்பள நாளில் சுபத்திரா போன் எடுக்கிறாள்.
"என்னடி, எண்ணி முடிஞ்சிருச்சா?"